கப்பலுக்குப் போகும் எவர்சில்வர்

நெய்வேலிக்கு வெளியே, வடலூர் சாலையில் இருக்கும் வேணுவின் பட்டறையில் காலம் பூராவும் சுரங்கத்துக்கான இரும்பு வேலைதான். கப்பல் கட்டுகிற இடத்திலிருந்து எவர்சில்வர் கைப்பிடிக் கம்பிகளுக்கு ஆர்டர் வந்ததும் மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

பற்றவைத்த இடத்துக் கறுப்பைத் தேய்த்துப் பளபளப்பாக்குவது செல்லக்கிளியின் வேலை. காடாம்புலியூரில் முந்திரிக்கொட்டை உடைத்து, அதன் தோட்டு எண்ணெயில் கை வெந்து, இங்கே தினக்கூலிக்கு வந்தவள். இந்த ஆர்டர் தேறினால் மாதச் சம்பளம் என்று வேணு சொல்லியிருந்தார்.

இரும்பைத் தேய்த்த கம்பி பிரஷ் எவர்சில்வரில் படக்கூடாது. ஒட்டிக்கொள்ளும் இரும்புத்தூள் உப்புக்காற்றில் துருப்பிடித்துவிடும். அதனால் தன் பிரஷ்களின் பிடியில் வெள்ளை பெயிண்டால் பொட்டு வைத்திருந்தாள். வேறு யாராவது தொட்டால் சண்டைதான்.

ஆயுதபூஜை வந்தது. சாமிக்கு முன்னால் பேதம் என்ன? எல்லா பிரஷ்களையும் அவளே கழுவி, பிடி நிறையச் சந்தனம் பூசி, ஒரே தாம்பாளத்தில் அடுக்கினாள். பூஜை முடிந்து வேலை தொடங்கியபோது கைக்கு வந்ததை எடுத்துத் தேய்த்தாள். சாயங்காலம் சந்தனத்தைத் துடைத்தால், பிடியில் வெள்ளைப் பொட்டே இல்லை. கம்பியைத் தூக்கிக்கொண்டு வேணுவிடம் போனாள்.

"அண்ணே, இரும்பு பிரஷால தேச்சிட்டேங்க."

வேணு கம்பியைத் திருப்பிப் பார்த்தார். "பளபளன்னுதான கீது? நாளைக்கு வந்து பாக்கற கப்பல்காரங்களுக்கு இன்னா தெரியப்போவுது? கம்முனு இரு."

கம்மென்று இருந்தால் சம்பளம் வரும். ஆனால் அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. உப்பைக் கரைத்துத் துணியை நனைத்து ஒரு கம்பியில் சுற்றிவிட்டுப் போனாள்.

காலையில் துணியைப் பிரித்துக் காட்டினாள். கம்பி முழுக்கப் பழுப்புப் புள்ளி.

"இங்கியே இப்படி வந்துகினு கீது. கடலுக்குப் போனா நம்ம பேருதாங்க நாறும்."

வேணு அவளை முறைத்தார். பிறகு போனை எடுத்து, பார்க்க வருகிறவர்களைப் பத்து நாள் கழித்து வரச் சொன்னார். இரும்புத்தூளைக் கரைக்கும் ஆசிட் பசை தடவி, கழுவி, எல்லாக் கம்பிகளையும் முதலிலிருந்து தேய்த்தார்கள். ஆர்டர் தேறியது. சம்பளப் பேச்சை மட்டும் வேணு எடுக்கவில்லை.

அடுத்த ஆயுதபூஜைக்கு அவரே இன்னொரு தாம்பாளம் வாங்கி வந்து, "இது உன் பிரஷுக்கு" என்று நீட்டினார்.

"தாம்பாளம் சரிங்க, சம்பளம்?"

பட்டறையே சிரித்தது. அந்த மாதத்திலிருந்து கொடுத்தார்.