எட்டுப் பெண்கள், ஆறு ஆண்கள், ஒரு வயல்

மூன்றாம் ஃபாரம், இன்றைய எட்டாம் வகுப்பு, வருடப் பரீட்சையில் கணக்கில் எனக்கு இருபத்தொன்பது மார்க். முப்பத்தைந்து வாங்கினால்தான் தேர்ச்சி. தோற்றால் அதோடு பள்ளிக்கூடம் நின்றுவிடும், அடுத்த நாளே அம்மாவுடன் வயலுக்குப் போகவேண்டும் என்று அப்பா ஆண்டுத் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். அந்தப் படிப்பை வீட்டில் யாரும் நிரந்தரம் என்று நினைக்கவில்லை, என்னைத் தவிர.

எனக்குக் கணக்கு வராது என்று யாரும் எண்ணவேண்டாம். புரட்டாசியில் கும்பப்பூ நெல் நடவுக்கு மூன்று வாரம் நானும் போனேன். ஆள் குறைவாக இருந்தது, போகாமல் முடியாது. அந்த மூன்று வாரத்தில் வகுப்பில் நடந்த வடிவக்கணிதம் முழுவதும் எனக்கு இல்லாமல் போயிற்று. பரீட்சையில் அந்தப் பக்கங்களை வெறுமையாக விட்டேன். ஆனால் ஒன்றுக்கு எவ்வளவு என்று முதலில் கண்டுபிடித்து, அதிலிருந்து எத்தனைக்கும் கணக்குச் சொல்லும் முறையில் வகுப்பில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. நடவிலேயே அது உதவியது. எங்கள் பக்கம் நிலத்தை அதில் விதைக்கும் விதையின் அளவால் சொல்வோம். நாற்றுக் கட்டை முடி என்போம். மூன்று மரக்கால் விதைப்பாட்டுக்கு எழுபத்தைந்து முடி நாற்று போயிருந்தது. மீதி ஐந்து மரக்காலுக்கு எத்தனை முடி பறிக்கவேண்டும் என்று பெண்கள் கேட்டார்கள். ஒரு மரக்காலுக்கு இருபத்தைந்து, ஐந்துக்கு நூற்றிருபத்தைந்து என்று சேற்றில் நின்றபடியே சொன்னேன். சாயங்காலம் கரையில் ஒரு முடி மிச்சமில்லை, ஒரு முடி குறையவுமில்லை.

பரீட்சையில் வந்த கணக்கு இது. ஆறு ஆண்கள் ஒரு வயலை எட்டு நாளில் நட்டு முடிப்பார்கள். இரண்டு பெண்களின் வேலை ஓர் ஆணின் வேலைக்குச் சமமானால், அதே வயலை எட்டுப் பெண்கள் எத்தனை நாளில் நட்டு முடிப்பார்கள்? எட்டு மார்க்.

நான் பேனாவை வைத்துவிட்டு அதை மூன்று முறை படித்தேன். பிறகு, "ஆண்கள் நாற்று நட மாட்டார்கள். கணக்கு தவறு" என்று எழுதி, அடியில் கோடு போட்டேன்.

விடைத்தாளைக் கொடுக்கும் அன்று கணக்கு சார் அதை வகுப்பு முழுவதற்கும் வாசித்துக் காட்டினார். பையன்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது.

"நீ கணக்குச் செய்ய வந்தியா, கேள்விக்கே மார்க் போட வந்தியா?" என்றார்.

"வயல்ல அப்படி இல்ல சார். ஆம்பிளையாளு உழுவாங்க, மரம் அடிச்சு சமப்படுத்துவாங்க, நாத்து சுமப்பாங்க. நடுகது பொம்பிளையாளுதான்."

"வயல்ல யாரு நடுதாங்கன்னா கேள்வி? எத்தனை நாளு, அதுதான் கேள்வி."

பின் பெஞ்சிலிருந்து ஒருவன் தாழ்ந்த குரலில், "ஏட்டி, உங்க அம்மை பாதியா முழுசா?" என்றான். திரும்பிப் பார்த்தேன். "உங்க அப்பாவ ஒரு நாளு நடச் சொல்லு. அன்னைக்குச் சொல்லுதேன்" என்றேன். சார் மேசையைத் தட்டினார்.

அவர் கெட்டவர் அல்ல. நான் வெளியே போகும்போது கூப்பிட்டு நிறுத்தினார். "மார்க் லிஸ்ட் நாளைக்குப் பெரிய சார்ட்ட குடுக்கணும். காலையில வந்து போர்டில இந்தக் கணக்கை ஒழுங்கா செய்து காட்டு. எட்டு மார்க்கும் தாறேன். முப்பத்தேழு ஆயிரும். இல்லைன்னா என்மேல குத்தம் சொல்லாதே."

மாட்டேன் என்று அங்கேயே சொல்லியிருப்பேன். வாய்வரை வந்தது. புத்தகப் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

அம்மா அறுப்பிலிருந்து வந்து, கொல்லைப்புறத்தில் தலையில் ஒட்டிய வைக்கோலை எடுத்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். என் பக்கம்தான் நிற்பாள் என்று நினைத்தேன்.

"எழுதிக் குடுத்துட்டு வா மக்கா" என்றாள்.

"நீங்க பாதியாளுன்னா எழுதணும்?"

"எழுது. எனக்கு என்ன கொறஞ்சிரும்? இத்தன வருசமா கூலி அளக்கும்போ பாதியாளுதானே. புதுசாவா?"

"கூலி வேற, வேலை வேற."

"அது எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். அந்த சாருக்குத் தெரியாதுன்னு நீ வயலுக்கு வரணுமா?"

எனக்குக் கோபம் வந்தது. அவள்மேல் அல்ல. அந்தப் பாதி எங்கிருந்து புத்தகத்துக்குள் போனது என்று அப்போதுதான் விளங்கியது. குனிந்து நிற்கும் பெண்ணைப் பார்த்து யாரும் அதை எழுதவில்லை. களத்தில் நெல் அளப்பவன் கையைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். கூலியைப் பாதியாக்கிவிட்டு, பிறகு வேலையும் பாதிதான் என்று கணக்குப் போட்டுவிட்டார்கள். அதைப் பிள்ளைகள் மார்க்குக்காக உண்மை என்று எழுதவேண்டும்.

ஆனாலும் அம்மா சொன்னது சரிதான். நான் வயலுக்குப் போய்விட்டால் அந்தக் கணக்கைத் தவறு என்று சொல்ல வகுப்பில் ஆள் இருக்காது.

காலையில் போர்டுக்கு முன்னால் நின்றேன். சார் மார்க் லிஸ்டை விரித்துப் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். மேல் பாதியில் அவர் கேட்டதை எழுதினேன். ஆறு ஆண்களுக்கு எட்டு நாள். ஓர் ஆணுக்கு நாற்பத்தெட்டு நாள். எட்டுப் பெண்கள் நான்கு ஆண்களுக்குச் சமம். நாற்பத்தெட்டை நான்கால் வகுக்க, பன்னிரண்டு நாள்.

"இதத்தானே கேட்டேன்" என்றார். லிஸ்டில் என் பெயருக்கு நேரே முப்பத்தேழு என்று மையில் எழுதினார்.

நான் சாக்பீஸைக் கீழே வைக்கவில்லை. ஒரு கோடு கிழித்து, அடியில் எழுதத் தொடங்கினேன்.

புரட்டாசியில் எட்டுப் பெண்கள் மூன்று நாளில் நட்டது இருபத்துநான்கு மரக்கால் விதைப்பாடு. எட்டுப் பெண்கள் ஒரு நாளில் எட்டு மரக்கால். ஒரு பெண் ஒரு நாளில் ஒரு மரக்கால். அதே மூன்று நாளில் ஓர் ஆண் நட்டது சுழியம். ஒரு நாளில் சுழியம். ஆகவே ஆறு ஆண்கள் எட்டு நாளில் நடுவது சுழியம்.

முதலில் பெண்கள் பெஞ்சில் ஒருத்தி சிரித்தாள். அதன்பின் எல்லோரும் சிரித்தார்கள், அந்தப் பின் பெஞ்சுக்காரன் உட்பட. சார் சிரிக்கவில்லை. எழுந்து வந்து, என் வரிகளை ஒவ்வொன்றாகப் படித்தார். அவர் வீட்டிலும் வயல் உண்டு. யார் நடுகிறார்கள் என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது.

"மேல உள்ளதுக்கு எட்டு மார்க். கீழ உள்ளதுக்கு ஒரு மார்க்கும் கிடையாது."

"கீழ உள்ளதுக்கு நான் மார்க் கேக்கல்ல சார்."

அவர் டஸ்டரை என்னிடம் நீட்டினார். "அழிச்சிட்டுப் போய் இரி."

நான் மேலே உள்ளதை அழித்தேன். பன்னிரண்டு நாள், நான்கு ஆண்கள், எல்லாவற்றையும். கோட்டுக்குக் கீழே கை வைக்கவில்லை. டஸ்டரை மேசைமேல் வைத்துவிட்டு என் இடத்தில் போய் உட்கார்ந்தேன். தலை குனியவில்லை.

சார் போர்டைப் பார்த்தார். மேசைமேல் இருந்த லிஸ்டைப் பார்த்தார். ஒரு கோடு போட்டு என் மார்க்கை அடித்துவிட அவருக்கு ஒரு நொடி போதும். பேனாவை எடுத்தார். மூடியைத் திருகி மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, லிஸ்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தபடி பெரிய சார் அறைக்குப் போனார்.

ஜூன் மாதம் நான் நான்காம் ஃபாரத்தில், முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன்.