இறுக்கிப் பிடித்த துவக்கு

எனக்கு முன்கோபம் உண்டு. அதைவிடக் கெட்டது, பிழை என்னுடையதாக இருக்கலாம் என்ற எண்ணம் எனக்குக் கடைசியாகத்தான் வரும்.

உன்னிச்சைப் பக்கம் கொஞ்சம் சோளம் செய்கிறேன். குரங்குகளை விரட்டவென்று, சுருள்வில்லில் இயங்கும் காற்றுத் துவக்கு ஒன்று வாங்கினேன். ஒரு கிழமைகூட ஆகவில்லை, பழுகாமத்தில் இருக்கும் தங்கையின் புருஷன் இரவல் கேட்டார். திருப்பித் தரும்போது, துவக்கு மோட்டார் சைக்கிளிலிருந்து ஒருமுறை நழுவி விழுந்ததாக அவராகவே சொன்னார். மறைத்திருந்தால் எனக்குத் தெரிய வந்திராது.

அன்று மாலையே வேலிக் கட்டையில் ஒரு மீன் டின்னை வைத்துச் சுட்டுப் பார்த்தேன். ஒரு குண்டு இடப்பக்கம் போனது, அடுத்தது மேலே, அதற்கடுத்தது எங்கே போனதென்றே தெரியவில்லை. அதற்கு முன் அந்தத் துவக்கால் நான் குறிவைத்துச் சுட்டதே இல்லை. மரத்தைப் பார்த்துச் சுட்டுக் குரங்கை வெருட்டியதோடு சரி. அது அப்போது என் மூளைக்கு எட்டவில்லை. அக்கம்பக்கத்து வயல் வட்டைக்காரர்கள் பார்த்திருக்க, அங்கேயே நின்ற மச்சானை வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தங்கையும் அதற்குப் பிறகு என் வீட்டுப் படி மிதிக்கவில்லை. இரண்டு வருஷம்.

போன மாசம் கத்தி பட்டு இடது கை விரல்களில் தையல் போட்டிருந்தார்கள். மடக்க முடியாது. துவக்கை விரித்த கையில் சும்மா கிடத்தி, தோளில் பட்டும் படாமலும் வைத்துச் சுட்டேன். ஐந்து குண்டும் ஒரு ரூபாய் நாணயக் குற்றிக்குள் அடங்குகிற மாதிரி விழுந்தன.

வில் விடுபடும்போது, குண்டு குழலை விட்டுப் போகுமுன்பே துவக்கு ஒருமுறை துள்ளுகிறது. அதை அதன்பாட்டில் துள்ள விட வேண்டும். ஒவ்வொரு முறையும் கையில் அதே இடத்தில் இருத்தி, கன்னத்தை அதே மாதிரிச் சாய்த்தால் குண்டு அதே இடத்துக்குப் போகும். நானோ குரங்குப் பிடியாய் நெரித்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

தையல் பிரித்ததும் பழையபடி இறுக்கிப் பிடித்துச் சுட்டேன். சிதறியது. விரித்த கையில் வைத்தேன், ஒன்றுசேர்ந்தது. அப்படியும் சிதறிவிடாதா என்ற ஆசையில் திரும்பத் திரும்பச் சுட்டேன். சிதறவேயில்லை.

அடுத்த நாள் பழுகாமம் போனேன். சொல்ல வேண்டியதை வழி முழுக்க மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். தங்கை வாசலில் என்னைக் கண்டு திகைத்து நின்றாள். மச்சான் கதிரையை இழுத்துப் போட்டார். நான் வாயைத் திறக்குமுன் அவரே தொடங்கினார்.

"மச்சான், உங்கட துவக்கப் பழுதாக்கினது நான்தான். வந்து மன்னிப்புக் கேக்க வெக்கமா இருந்திச்சு. மனசில வைக்காதீங்க."

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். தங்கை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத விடுங்க மச்சான்," என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணி போடப் போனாள். "அண்ணன் மன்னிப்பாரெண்டு நான் சொன்னன்தானே," என்று குசினிக்குள்ளிருந்து குரல் வந்தது. வெட்கத்தில் உடம்பு கூசியது. இருந்தும், அவள் கொண்டுவந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல்தான் எழும்பி வந்தேன்.