தண்டவாளம் முடியும் ஊரில் ஒரு பிற்பகல்

நான் தைரியசாலி அல்ல. இடி இடித்தால் ஜன்னலைச் சாத்திவிட்டு அறைக்குள் போய் உட்காருகிறவன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது; இல்லாவிட்டால் பின்னால் நான் செய்தது வாசிப்பவர்களுக்கு விளங்காது.

1942ஆம் ஆண்டு, சித்திரை வருடப்பிறப்புக்கு நாலைந்து நாள் இருந்தது. கொழும்பில் குண்டு விழுந்துவிட்டது. குருநாகலில் நான் கணக்கெழுதிய தென்னந்தோட்டத்து வாசலில் கொழும்பு வண்டிகள் மூட்டை முடிச்சோடு வந்து நின்றன. என் மனைவி தங்கமோ மட்டக்களப்புக்குப் பக்கத்துக் கல்லடியில் தாய் வீட்டில் இருந்தாள், ஏழு மாதக் கர்ப்பிணி. அந்த வீட்டிலிருந்து கடலுக்குக் கால் மைல்கூட இல்லை. மூன்று நாள் தூக்கம் வரவில்லை. நாலாம் நாள் மாலை மட்டக்களப்பு வண்டியில் ஏறினேன். அவளையும் மாமியையும் கூட்டிக்கொண்டு மறுநாளே திரும்பிவிடுவது என் திட்டம்.

காலை 6.10. வண்டி மட்டக்களப்பில் வந்து நின்றது. ஊர் அமைதியாகத்தான் இருந்தது. தேநீர்க் கடையில் மூன்று சதத்துக்குத் தேநீர் தந்தார்கள். கடைக்காரர் குண்டைப் பற்றிப் பேசாமல் மழையைப் பற்றிப் பேசினார். எனக்கு அதுவே ஓர் ஆறுதல்.

மட்டக்களப்பு ஸ்டேஷனைப் பார்க்காதவர்களுக்கு அதன் அமைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஓடு வேய்ந்த ஒரு நீளக் கட்டடம். அதில் வரிசையாக டிக்கட் ஜன்னல், ஸ்டேஷன் மாஸ்டரின் அறை, பார்சல் அறை, பெண்கள் தங்கும் அறை. அதன் முன்னே ஒரே மேடை. மேடைக்கு முன்னால் இரண்டு பாதைகள் பக்கம் பக்கமாகக் கிடக்கின்றன. அடுத்த ஸ்டேஷனான ஏறாவூர்ப் பக்கமாக மேடை முடிந்து சற்றுத் தூரத்தில் அந்த இரண்டும் சேர்ந்து ஒன்றாகிவிடும். அந்தச் சந்திக்குப் பக்கத்தில் ஒரு நெம்புகோல் இருக்கிறது. அதைத் தள்ளும் பக்கத்துக்குத்தான் பாதை திறக்கும். ஏறாவூர் வரைக்கும் ஒன்பது மைல் அந்த ஒற்றைப் பாதைதான். மறு பக்கத்தில் நெல்லும் கருவாடும் மணக்கும் சாமான் கொட்டகை, தண்ணீர்த் தொட்டி, எஞ்சினைத் திருப்பும் வட்டமேடை. அதற்கு அப்பால் சிவப்பு வர்ணம் பூசிய இரண்டு மரக்கட்டைகள். தண்டவாளம் அங்கே முடிகிறது. கட்டைக்குப் பின்னால் புல்; புல்லில் ஆடுகள்.

அந்தக் கட்டைகள் எனக்குப் பிடிக்கவில்லை. வேறு ஸ்டேஷன் என்றால் இரண்டு பக்கமும் வழி இருக்கும். இங்கே வந்த வழியாலேதான் போக வேண்டும்.

வட்டமேடையில் நாலு பேர் எஞ்சினைத் தள்ளித் திருப்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் சின்னத்தம்பி என்ற போர்ட்டர் பேச்சுக்கு அஞ்சாதவர். இந்தப் பாதையைப் போடக் காடு வெட்டியவர்களில் அவரும் ஒருவராம். புணானைக் காட்டில் காய்ச்சலில் செத்தவர்களைப் பாதையோரத்திலேயே புதைத்தார்களாம். அதற்கு முன் கொழும்புக்குப் போவதென்றால் கப்பலேற வேண்டும், அல்லது பதுளை வழியாக நாட்கணக்கில் மாட்டுவண்டியில் போக வேண்டும். முதல் வண்டி வந்த அன்று பெண்கள் குரவையிட்டார்கள், எஞ்சினுக்கு முன்னால் தேங்காய் உடைத்தார்கள், யாரோ கட்டியிருந்த எருது அறுத்துக்கொண்டு வாவிக்குள் பாய்ந்துவிட்டது என்றெல்லாம் சொன்னார்.

எங்கள் வண்டி ஓட்டி வந்தவர் கொடுத்த பெரிய பிரம்பு வளையத்தை ஸ்டேஷன் மாஸ்டர் உள்ளே எடுத்துப் போனதைப் பார்த்து, அது என்ன என்று கேட்டேன். ஒற்றைப் பாதைக்கு அதுதான் அனுமதி என்றார் சின்னத்தம்பி. இங்கே ஒரு சிவப்புப் பெட்டி, ஏறாவூரில் ஒரு சிவப்புப் பெட்டி. இரண்டுக்கும் இடையே தந்திக் கம்பி. ஒரு பெட்டியிலிருந்து வட்டமான ஓர் உலோக வில்லையை எடுத்து வளையத்தில் மாட்டிவிட்டால், அது ஏதாவது ஒரு பெட்டிக்குள் திரும்பப் போகும்வரை இரண்டு பெட்டியும் அடுத்ததைக் கொடாது. வளையம் கையில் இல்லாமல் எந்த டிரைவரும் நகரக்கூடாது. நல்ல ஏற்பாடு என்று தலையாட்டிவிட்டுக் கல்லடிக்கு மாட்டுவண்டி பிடிக்கப் போனேன்.

காலை 7.30. காத்தான்குடி இபுறாகீம் காக்காவின் மாட்டுவண்டி, கல்லடிக்கு ஐம்பது சதம். அண்ணனைத்தான் அந்தப் பக்கத்து முஸ்லிம்கள் காக்கா என்பார்கள். பாலத்தில் ஏறியபோது வாவி அசையாமல் கிடந்தது. தோணியில் ஒருவர் வலை இழுத்துக்கொண்டிருந்தார். வானத்தை மட்டும்தான் நான் பார்த்தேன். காக்கா அதைக் கவனித்துவிட்டார். "தம்பி, மேல பாத்துப் பாத்து கழுத்து நோகப் போகுது" என்றார்.

தங்கம் வர மறுத்தாள். ஊரே இருக்கிறது, நான் மட்டும் ஏன் ஓட வேண்டும் என்றாள். மாமியும் அவள் பக்கம். அந்த வீடு தங்கத்துக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தது. இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான்; என் போன்ற மாப்பிள்ளைக்கு அங்கே சாப்பாடு உண்டு, உத்தரவு போட இடமில்லை. பேசிப் பேசிப் பத்து மணியாகிவிட்டது.

பத்தரை மணிக்குக் கடலுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. முதலில் இடி என்றுதான் நினைத்தேன். பிறகு ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது. அடுக்கிலிருந்த பித்தளைச் செம்பு நடுங்கி விழுந்தது. கடற்கரையிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். தூரத்தில் கப்பல் ஒன்று எரிகிறது, மேலே விமானங்கள் சுற்றுகின்றன என்றார்கள். தங்கம் துணியை மடிக்கத் தொடங்கினாள்.

பகல் 12.45. ஸ்டேஷனுக்குள் கால் வைக்க இடமில்லை. பாதி ஊர் அங்கே நின்றது. பாயும் பானையும் கோழியும் தையல் மெசினும் மேடையில் குவிந்திருந்தன. எப்படியோ தங்கத்துக்கும் மாமிக்கும் ஒரு பெட்டியில் இடம் பிடித்தேன். வண்டி 1.30க்குப் புறப்பட வேண்டும்.

1.30 ஆயிற்று. இரண்டு மணி ஆயிற்று. எஞ்சின் மூச்சுவிட்டுக்கொண்டு நின்றதே தவிர நகரவில்லை. ஸ்டேஷன் மாஸ்டரின் அறை வாசலில் போய் முட்டினோம். அவர் ஐம்பது வயதிருக்கும் ஒல்லியான மனிதர், வெள்ளைக் கோட்டுக்குக் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தார். ஏறாவூரிலிருந்து ஒரு வண்டி 1.15க்கே வளையத்தோடு புறப்பட்டுவிட்டது, அது வந்து சேராமல் தன் சிவப்புப் பெட்டி திறக்காது என்றார். ஒன்பது மைலுக்கு அரை மணி போதும். முக்கால் மணி கழிந்தும் அது வரவில்லை.

அப்போதுதான் ஒரு கதை கூட்டத்தில் பரவியது. ஏறாவூர் வண்டியின் டிரைவர் விமானச் சத்தம் கேட்டு எஞ்சினை விட்டுவிட்டுக் காட்டுக்குள் ஓடிவிட்டாராம். யார் சொன்னது என்று யாருக்கும் தெரியாது. நான் நம்பினேன். நம்பியதோடு நிற்கவில்லை. கணக்கெழுதுகிறவன் அல்லவா, அதற்குக் காரணமும் கண்டுபிடித்தேன். அரை மணிப் பயணம், முக்கால் மணி கழிந்துவிட்டது. ஆகவே அந்த வண்டி வரப் போவதில்லை. புறப்பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே நின்றிருக்கும். நாம் மெதுவாகப் போய் அதற்கு முன்னால் நிறுத்திக்கொள்ளலாம். இதை நான் ஒரு பெட்டியின் படியில் ஏறி நின்று உரக்கச் சொன்னேன். எனக்கு அவ்வளவு பெரிய குரல் இருப்பது அன்றுதான் எனக்கே தெரிந்தது. என் பேச்சைக் கேட்டு ஆட்கள் ஆமோதித்து ஓம் ஓம் என்றார்கள்.

கடலில் மீண்டும் ஒரு முறை அதிர்ந்தது. கூட்டம் எஞ்சினைச் சூழ்ந்துகொண்டது. டிரைவரும் பயந்துதான் இருந்தார். ஸ்டேஷன் மாஸ்டர் எழுதிக் கொடுத்தால் போகிறேன் என்றார். நாங்கள் அவரிடம் திரும்பினோம். எழுதித் தாருங்கள், பழியை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "பழிய நீங்க ஏற்பீங்க ஐயா. பெட்டிக்குள்ள இரிக்கிற சனத்த ஆர் ஏற்கிற?"

எனக்கு ஆத்திரம் வந்தது. பயம்தான் ஆத்திரமாக வந்தது என்பது இப்போது தெரிகிறது. அவருடைய கோட்டின் நெஞ்சைப் பிடித்து உலுக்கினேன். ஒரு பொத்தான் தெறித்து மேடையில் உருண்டது. வாழ்க்கையில் நான் ஒருவர்மேல் கை வைத்தது அந்த ஒரு தடவைதான்.

அவர் என் கையை விலக்கிவிட்டு, மேடையின் கோடிவரை நடந்து, சந்திக்கு இறங்கினார். நெம்புகோலை இரண்டு கையாலும் தள்ளினார். பூட்டைப் போட்டுச் சாவியைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். இப்போது ஒற்றைப் பாதை பக்கத்துப் பாதைக்குத் திறந்திருந்தது. எங்கள் வண்டி புறப்பட்டால் அந்தச் சந்தியில் தண்டவாளத்தை விட்டு மண்ணில் இறங்கும். டிரைவர் அதைப் பார்த்துவிட்டு எஞ்சினிலிருந்து கீழே இறங்கினார். கூட்டம் வாயில் வந்ததையெல்லாம் சொல்லி ஏசியது. ஸ்டேஷன் மாஸ்டர் சந்திக்குப் பக்கத்திலேயே வெயிலில் நின்றார். சில இளைஞர்கள் சாவியைப் பறிக்க வேண்டும் என்று இறங்கப் போனார்கள். நான் தடுக்கவில்லை.

2.25. அவர்கள் பாதி வழி போவதற்குள் விசில் சத்தம் கேட்டது. புதர்ப் பற்றைகளுக்கு மேலே புகை தெரிந்தது. பிறகு எஞ்சின் தெரிந்தது. மெதுவாக அல்ல, நல்ல வேகத்தில் வந்தது. கைகாட்டிக்கு வந்த பிறகுதான் வேகம் குறைந்தது. எங்களுக்குப் பக்கத்துப் பாதையில் பெட்டி பெட்டியாக நுழைந்தது. கூரையிலும் ஆட்கள் இருந்தார்கள்.

அங்கேயே ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டேன். இளைஞர்கள் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வந்தார்கள்.

வழியில் யாரோ சிவப்புப் புடவையைக் காட்டி அந்த வண்டியை நிறுத்தினார்களாம். ஏறட்டும் என்று டிரைவர் காத்திருக்க, அடுத்த ஊரிலும் அதையே செய்தார்களாம். மூன்று இடத்தில் நின்று, விட்ட நேரத்தைப் பிடிக்க விரட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

அந்த வண்டியிலிருந்து இறங்கியவர்களும் பாயும் பானையும் கோழியும் வைத்திருந்தார்கள். தண்டவாளத்தைக் கடந்து மேடைக்கு ஏறிவந்து, எங்கள் பெட்டிகளைப் பார்த்துத் திகைத்து நின்றார்கள். இரண்டு கைக்குழந்தைகளோடு வந்த ஒரு பெண் எங்கள் ஜன்னலருகே நின்றாள். பனிச்சங்கேணியிலிருந்து முந்தின நாள் விடியப் புறப்பட்டு, நடந்தும் தோணியிலும் வாழைச்சேனை வந்து வண்டி ஏறினாளாம். புருஷன் திருகோணமலைத் துறைமுக வேலைக்குப் போனவன், செய்தி இல்லை.

"எங்க தங்கச்சி எல்லாரும் போறீங்க?" என்று தங்கத்தைக் கேட்டாள்.

"இஞ்ச பயமெண்டு போறம்."

"அங்க பயமெண்டுதான் நாங்க இஞ்ச வாறம்" என்றாள் அவள். அழக்கூட இல்லை. குழந்தைகளை இறக்கி வைக்க இடம் தேடினாள். மட்டக்களப்பில் யாரையும் தெரியாது, பெரிய ஊர், எப்படியும் ஒரு நிழல் கிடைக்கும் என்று வந்தாளாம்.

தங்கம் தாயைப் பார்த்தாள். மாமி மடியிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார். தங்கம் அதை ஜன்னல் வழியாக நீட்டினாள். கல்லடிப் பாலத்தைக் கடந்து கோயில் ஒழுங்கையில் மூன்றாவது வீடு, பெட்டிக்குள் அரிசி இருக்கிறது, கிணற்றுத் தண்ணீர் உப்பு, குடிக்கப் பக்கத்து வீட்டில் எடுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நூறு காரணம் சொல்லியிருப்பேன். ஸ்டேஷன் வாசலில் நின்ற இபுறாகீம் காக்காவைக் கூப்பிட்டு அவர்களை ஏற்றிப் போகச் சொன்னது மட்டும்தான் அன்று நான் செய்த நல்ல காரியம். ஐம்பது சதத்தை நீட்டினேன். காக்கா வாங்கவில்லை.

2.50. ஸ்டேஷன் மாஸ்டர் சந்தியைத் திறந்துவிட்டு, அறைக்குப் போய் வளையத்தோடு வந்தார். கோட்டில் பொத்தான் இருந்த இடத்தில் நூல் தொங்கியது. நான் எழுந்து நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "ஏறுங்க ஐயா, நேரம் போயிற்று" என்று சொல்லிக்கொண்டே என்னைக் கடந்து போய் டிரைவரிடம் வளையத்தைக் கொடுத்தார். பச்சைக் கொடி அசைந்தது.

வண்டி நகர்ந்தது. இரண்டு மைல் தாண்டியதும் ஒரு வளைவு வந்தது. இரண்டு பக்கமும் ஆள் உயரப் பற்றை. ஜன்னலால் தலையை நீட்டிப் பார்த்தேன். எஞ்சினுக்கு முன்னால் நூறு கெஜத்துக்கு மேல் பாதை தெரியவில்லை. இங்கேதான் அந்த வண்டியைச் சந்தித்திருப்போம் என்று மனது கணக்குப் போட்டது. அதை நிறுத்த முடியவில்லை. தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

இப்போது குருநாகலில் இருந்து இதை எழுதுகிறேன். இங்கே ஸ்டேஷனுக்கு இரண்டு பக்கமும் பாதை உண்டு. எந்தப் பக்கமும் ஓடலாம். பயம் வரும்போது ஓட வழி இருந்தால் போதும் என்று அதுவரை நினைத்திருந்தேன். அந்த வளைவைக் கடந்த பிறகு தங்கம் பேசியது நினைவுக்கு வரும்போதெல்லாம் கடல் சத்தத்துக்குப் பயந்ததைவிட அதிகமாகப் பயப்படுகிறேன்.

அன்று வண்டியில் மாமி கண்ணயர்ந்திருந்தார். தங்கம் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"போவம் போவமெண்டு முதல்ல கத்தினது நீங்கதானே?"

"ஓம்" என்றேன்.