எனக்கு சாஃப்ட் கொரியன் தெரியாது

எங்கள் தொழிற்சாலையில் கார் இருக்கைகள் தைக்கிறார்கள். நான் அதன் கொள்முதல் பிரிவில் கணினி முன் உட்கார்ந்திருந்தேன். இருங்காட்டுக்கோட்டையில் வாடகை அறை. ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டலத்தில் கொரிய மொழி வகுப்பு. கொரியன் படிக்கிறேன் என்றால் இந்தப் பக்கத்தில் எல்லோரிடமும் ஒரே பதில்தான்: "அம்மா, அப்பா எல்லாம் ஒண்ணுதானே, ஈஸியா வந்துடும்." சொல்கிறவர்களில் ஒருவர்கூட மூன்றாவது வார்த்தை கற்றதில்லை.

எங்களுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தார். ஆலைத் தலைவர் கொரியர். அவர் மேசையைத் தட்டித் தட்டிக் கத்தி முடித்ததும் இவர் தமிழில், "சார் கொஞ்சம் வருத்தப்படுறாரு, பாத்துப் பண்ணுங்க" என்பார். தையல் லைனில் யாராவது நீளமாக ஒரு குறையைச் சொன்னால், அது கொரிய மொழியில் "மன்னிக்கவும், சரி" என்று போய்ச் சேரும். வகுப்புக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் எனக்கு இது புரிந்தது. அதன் பிறகு அவருடைய சென்ட் வாசனை வராந்தாவில் வந்தாலே எனக்குக் குமட்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் வேறு கம்பெனிக்குத் தாவிவிட்டார். வரும் திங்கட்கிழமை லைனில் கூட்டம் என்று தலைவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அன்று மாலையே எச்.ஆர். மேலாளர் என்னையும், என் வகுப்பிலேயே படித்த ஸ்டோர்ஸ்காரனையும் அழைத்து, அங்கே யார் மொழிபெயர்ப்பது என்று கேட்டார். ஸ்டோர்ஸ்காரனுக்கு வாலாஜாபாத். கொரியன் என்னைவிட நன்றாக வரும்.

"சார், மூணாவது லெவல் முடிச்சுட்டு சொல்றேன் சார். அரைகுறையா போய் நின்னா நல்லா இருக்காது" என்றான்.

இரண்டாவது லெவலுக்கு முன்பும் இதையேதான் சொன்னான். சட்டைப் பையில் பேனா, முகத்தில் பணிவு. எதையும் செய்யாமல் இருப்பதற்கு இவ்வளவு மரியாதையான ஒரு வழி இருக்கிறதே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் பண்றேன் சார்" என்றேன்.

தயாராகும் முன்பே குதித்துவிடு என்று கோட்டு சூட்டு போட்டவர்கள் பேசும் வீடியோக்கள் என் கைபேசிக்கும் வரும். அவர்கள் சொல்கிற துணிச்சல் எதுவும் அன்று என்னிடம் இல்லை. வெறும் எரிச்சல். அந்த சனி, ஞாயிறு இரண்டு நாளும் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை காலை லைன் ஓரம் எல்லோரும் நின்றோம். தையல் பிரிந்த இருக்கைகள் திரும்பி வந்து குவிந்திருந்தன. தலைவர் முகம் சிவக்க ஏதோ கேட்டார். எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. எச்.ஆர். மேலாளர் அவருக்குப் பின்னால் நின்று, ஏதாவது சொல்லி ஒப்பேற்று என்று எனக்குக் கண்ணால் ஜாடை காட்டினார்.

"தாஷி" என்றேன். மறுபடி சொல்லுங்கள் என்று அர்த்தம். மரியாதை விகுதியை நான் பதற்றத்தில் விழுங்கிவிட்டதால், அது 'திருப்பிச் சொல்லு' என்று ஆகிவிட்டது. தலைவர் என்னை ஒரு நொடி உற்றுப் பார்த்தார். பிறகு நிதானமாகத் திருப்பிச் சொன்னார்.

"தப்பு வருதுன்னு தெரிஞ்சும் லைனை ஏன் நிறுத்தலன்னு கேக்குறாரு" என்றேன்.

லைன் சூப்பர்வைசர் உள்ளூர்க்காரர். இத்தனை நாளும் 'சார் வருத்தப்படுறாரு' மட்டுமே கேட்டுப் பழகியவர். முதன்முறையாக ஒரு கேள்வி வந்ததும் கொதித்துவிட்டார்.

"நிறுத்துனா யாரு திட்டு வாங்கறது? இன்னா ஆனாலும் நிறுத்தாதன்னு மேல இருந்து சொல்லிக்கினே கீறாங்க, நான் இன்னாமா பண்ணுவேன்?"

எச்.ஆர். மேலாளர் என் காதருகே வந்தார். "இதை அப்படியே சொல்லாதம்மா. கொஞ்சம் சாஃப்டா சொல்லு."

"எனக்கு சாஃப்ட் கொரியன் தெரியாது சார்."

உண்மையிலேயே தெரியாது. சுற்றி வளைத்துப் பேசும் பாடத்துக்கு நாங்கள் இன்னும் போகவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் சின்னச் சின்ன வாக்கியங்கள்தான். மேலே இருப்பவர் நிறுத்தாதே என்றார். இவர் நிறுத்தவில்லை. அவ்வளவுதான் சொன்னேன்.

"யார்?" என்றார் தலைவர். அந்த ஒற்றைச் சொல் மட்டும் எனக்கு உடனே புரிந்தது. தமிழில் சொன்னேன். எச்.ஆர். மேலாளர் தன் ஷூவைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். சூப்பர்வைசர், கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருந்த உற்பத்தி மேலாளர் பக்கம் கையை நீட்டினார்.

உற்பத்தி மேலாளரை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார்கள். அங்கே மொழிபெயர்க்க என்னைக் கூப்பிடவில்லை. அவர் ஆங்கிலத்திலேயே திட்டு வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு லைனை நிறுத்தினால் யாரும் கத்துவதில்லை. சூப்பர்வைசர் டீ வாங்கிக் கொடுத்தார். "பயந்தே பூட்டேன்மா" என்றார். "நானும்தாண்ணா" என்றேன்.

கொள்முதலிலிருந்து என்னை மாற்றி, டிரெய்னி என்று ஒரு வால் ஒட்டி மொழிபெயர்ப்பாளர் வேலையைக் கொடுத்தார்கள். முதல் மாதமே 'போன வாரம்' என்பதை 'அடுத்த வாரம்' என்று சொல்லி ஒரு லோடையே குழப்பினேன். மூன்றாவது லெவல் தேர்விலும் தோற்றேன். ஸ்டோர்ஸ்காரன் பாஸ். என் கூட்டங்களை அவன் தள்ளி நின்று கேட்பான். பிறகு கேன்டீனில் என் தட்டுக்கு எதிரே வந்து உட்கார்ந்து, நான் எங்கே விகுதியைத் தவறவிட்டேன் என்று பொறுமையாக விளக்குவான். அவன் சொல்வது சரியாகவே இருக்கும். அதுதான் தாங்க முடியாது.

இந்த வருடம் ஒரகடத்தில் எங்கள் இரண்டாவது ஆலை திறந்தது. அங்கே ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார். மனதுக்குப் பிடிக்காவிட்டாலும் அவன் பெயரைத்தான் சொன்னேன். மறுநாளே போய்ச் சேர வேண்டும் என்று தகவல் சொல்ல அவனுக்கு ஃபோன் செய்தேன்.

"நாளைக்கேவா? அஞ்சாவது லெவல் ரிசல்ட் வந்துரட்டுமே."

"சரி, வரட்டும்" என்று ஃபோனை வைத்தேன்.

அந்த வேலைக்கும் நானே போகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். அங்கே இருக்கைக்குள் வைக்கும் ஃபோம் வார்க்கிறார்கள், எல்லாம் ரசாயனம். அதில் ஒரு பொருளின் பெயர்கூட எனக்குத் தமிழிலேயே தெரியாது. மறுநாள் காலை ஒரகடம் கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, புது நோட்டின் முதல் பக்கத்தில் 'ஃபோம்' என்று எழுதினேன்.