தூரமலைக்கு அனுப்பப்படும் தாய்மார்

காலை ஆறரைக்கு இரத்தினபுரியில் பஸ் ஏறினேன். றக்வானைக்கு முப்பது ரூபாய். பெல்மதுளை தாண்டியதும் வளைவுகள் தொடங்கின. பிள்ளைகளின் உயரம் அளக்கும் பலகையை மடியில் நிறுத்தி, பக்கத்தில் நின்றவர்களின் திட்டையும் வாங்கிக்கொண்டு போனேன்.

ஒன்பது மணிக்கு றக்வானை. தேயிலைத் தோட்டம் அங்கிருந்து ஐந்து மைல். திரீவீல் ஓட்டும் நசீர் நானா இருநூறு கேட்டார். பலகையைப் பார்த்து, “பொட்டி மூடியா மிஸ்?” என்றார்.

“தோட்டத்துப் பிள்ளைகளை அளக்க.”

“அப்ப பாதிப் பலகை போதுமே!”

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பத்தரை மணி, பிள்ளை மடுவம். தாய்மார் கொழுந்து பறிக்கும்போது குழந்தைகளை விட்டுப்போகும் தகரக் கூரைக் கட்டடம். சாயத்தண்ணி என்ற பாலில்லாத் தேநீர், அதில் நனைத்த ரொட்டி, மறுபடியும் சாயத்தண்ணி: குழந்தைகளுக்குக் கிடைத்தது இவ்வளவுதான். சரோஜாவின் ஒன்பது மாத மகளைப் பலகையில் கிடத்தினேன். நீளம் ஆறு மாதப் பிள்ளைக்கும் காணாது. அவளுடைய ஐந்து வயது அண்ணன் தானாகவே வந்து நின்றான். அவன் வயதுக்கேற்ற உயரம். அதே தாய், அதே தகப்பன், அதே ஒற்றை அறை லயக் காம்பரா.

பகல் சாப்பாட்டுக்கு வந்த சரோஜாவிடம் கேட்டேன்.

“இவன் கைப்புள்ளையா இருந்தப்ப புள்ளைக்காரிங்களுக்கு மடுவத்துக்குக் கிட்ட இருக்கிற கீழ்மலைதாங்க மிஸ். ஓடி வந்து பால் குடுத்துட்டுப் போயிருவோம். இப்ப எங்களையும் தூரமலைக்கு அனுப்புறாங்க. நடுவுல வந்துட்டுப் போனா அரைப்பேருதான். இருக்கிற பாலும் வத்திப்போகுது.”

அரைப்பேர் என்றால் அரைநாள் கூலி. ஒரு வீட்டைப் பார்த்து முடிவு சொல்லக்கூடாது என்று படித்தவள் நான். அசுத்தத் தண்ணீர், வயிற்றோட்டம், தாயின் இரத்தச்சோகை என்று வளர்ச்சி குன்றப் பல காரணங்கள். ஆனால் இந்த ஒன்றை நீக்க மருந்து வேண்டாம். மலையை மாற்றினால் போதும்.

வேலை பிரித்துக் கொடுக்கும் கண்டாக்கையாவை இரண்டு மணிக்குக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் பிடித்தேன். “தோட்டத்துப் புள்ளைங்க இப்படித்தான் மிஸ், பரம்பரை” என்றார். சரோஜாவின் மூத்த பிள்ளை சரியான உயரம் என்று சொன்னேன். குரல் மாறியது.

“இவளுக நிமிசத்துக்கொருக்கா மடுவத்துக்கு ஓடினா கீழ்மலைக் கொழுந்து முத்திப்போகும். தொரை என்னையத்தான் கேப்பாரு.”

கொழுந்து ஒருநாள் முற்றினால் கேட்க ஒரு துரை இருக்கிறார். பிள்ளை மூன்று மாதம் வளராமல் கிடந்தால் யார் யாரைக் கேட்பது?

அன்றிரவு, மடுவத்தில் பிள்ளைகளைப் பார்க்கும் ஆயம்மா வீட்டில் தங்கினேன். மறுநாள் ஆறு மணிக்கு, ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்களம். பெயரையும் மலையையும் கண்டாக்கையா வாசித்தார்.

“சரோஜா, தூரமலை.”

“கீழ்மலைக்குப் போறேங்க.”

“அப்ப பேரு கெடையாது.”

“போடாட்டிப் போங்க. எம்புள்ள பட்டினி கெடக்கா.”

“மிஸ்ஸு சொல்லிக் குடுத்தாங்களோ?”

“பால் கட்டுனா வலிக்கும்னு மிஸ்ஸா சொல்லணும்? உங்க வீட்டம்மாவக் கேளுங்க!”

பெண்கள் சிரித்துவிட்டார்கள். சரோஜா கூடையை மாட்டிக்கொண்டு இறங்கினாள். கைப்பிள்ளைக்காரிகள் இன்னும் இருவர் பின்னால் போனார்கள்.

பத்து மணிக்கு மடுவத்துப் படியில் உட்கார்ந்து அவள் பால் கொடுத்தாள். அவள் பேர் போடுவார்களா என்று ஆயம்மாவுக்கும் தெரியவில்லை. இரத்தினபுரியில், அலுவலகத்தில் என் அக்கா தன் பிள்ளைக்குப் பால் கொடுத்துவர எழுந்தால், “மெதுவா, ஆறுதலா வாங்க” என்கிறார்கள். நான் பஸ்ஸுக்குக் கிளம்பியபோது சரோஜா மார்பை மாற்றினாள். பிள்ளையை அவசரப்படுத்தவில்லை. அதன் விலை ஒருநாள் கூலியாக இருக்கலாம்.