பெரிய வெள்ளியில் ஒலித்த ஆர்கன்

பங்குக் கோயிலின் வரலாற்றை நூற்றாண்டு மலருக்கு நான் எழுதுகிறேன் என்று முந்திக்கொண்டு சொன்னது நான்தான். கல்லூரி விடுமுறை, கை பரபரத்தது. நான் முதலில் போய் விசாரித்த பெரியம்மா, "ஒரு பெரிய வெள்ளிக்கு ஆர்கன் தானா அழுதுச்சுல்ல, அத விட்டுறாத" என்றார். எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. இந்த வரலாற்றில் நானும் இருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அன்று எனக்கு ஒன்பது வயது. கோயிலைக் கட்டிய வெள்ளைக்காரச் சாமியார் கப்பலில் வரவழைத்த ஆர்கன், ஆளுயரக் குழல்களோடு பாடகர் மாடியில் நின்றது. வாசிப்பவர் என் சித்தப்பா. அந்தச் சாமியாரின் கல்லறை கீழே பீடத்தருகே இருந்தது. குழல்களில் வருவது அவருடைய மூச்சு என்று அக்கா சொல்லியிருந்தாள், நானும் நம்பினேன். உயிர்ப்பு விழா முடிந்ததும் ஆர்கனைக் கழற்றிவிட்டு மதுரையிலிருந்து கீபோர்டு வாங்குவதாகப் பேச்சு. அதற்குள் ஒருமுறையாவது தொட்டுவிட வேண்டும்.

பெரிய வியாழன் பூசைக்குப் பிறகு உயிர்ப்பு வரை எங்கள் கோயிலில் மணியும் ஆர்கனும் ஒலிக்கக் கூடாது, மரப்பலகையைத்தான் தட்டுவார்கள். ஆகவே வெள்ளி மதியம் மாடி காலி. கீழே ஊரே சிலுவைக்கு முத்தமிட வரிசையில் நிற்க, நான் படியேறினேன்.

கீழுள்ள துருத்தியை மிதித்துக் காற்றேற்றாமல் ஆர்கன் பேசாது என்று தெரியும். தைரியமாக இரண்டு பாட்டு வாசித்தேன், சத்தமே இல்லாமல். ஓரத்துக் கட்டை ஒன்று அமுங்கியபடியே சிக்கிக்கொண்டது. அதை நெம்ப எழுந்தேன். என் பாரம் முழுவதும் துருத்தியின் மிதியில் இறங்கியது.

அடிவயிற்றிலிருந்து வருவதுபோல ஒரு முனகல். காலை எடுத்தும் நிற்கவில்லை. ஏறிய காற்று தீரும்வரை அது நிற்காது. கீழே பாட்டு அறுந்துபோனது. "கல்லறைக்குள்ள சாமி அழுறாக ஆத்தா" என்று யாரோ நடுங்கினார்கள். நரகம் எனக்காகத்தான் திறக்கிறது என்று ஆர்கன் பெட்டிக்குப் பின்னால் சுருண்டேன். பாவாடை நனைந்துவிட்டது.

சித்தப்பா ஏறிவந்து கட்டையை ஒரு விரலால் தூக்கிவிட்டார். ஒலி நின்றது. பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏ பிள்ள, மூச்சு விடாத. எல்லாரும் போற வரைக்கும் இங்கனயே கெட."

கைப்பிடிச் சுவரருகே போய், கீழே பங்குச் சாமியாரிடம், "மேல ஒருத்தரும் இல்ல சாமி" என்றார்.

பல மாதம் பயந்து செத்தேன். பாவசங்கீர்த்தனத்தில் எல்லாப் பாவத்தையும் சொன்னேன், இதைத் தவிர. அம்மாவின் அடியிலிருந்து என்னைக் காப்பாற்றியதற்காக, உயிர்ப்பு ஞாயிறன்று என் பங்குக் கறியைச் சித்தப்பாவின் இலையில் வைத்தேன். மறுக்காமல் தின்றார்.

ஆர்கனைக் கழற்ற ஆள் வரவேயில்லை. சாமி அழுத பெட்டியில் கைவைக்க யாருக்குத் துணிச்சல் வரும்? சித்தப்பா இன்றும் அதைத்தான் வாசிக்கிறார். அன்றைக்கு அவர் காப்பாற்றியது என்னையா, ஆர்கனையா என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

இப்போதும் பயம்தான். உள்ளதை எழுதினால், சாமி அழுததை நம்பிக் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்கள் என்ன செய்வார்கள், ஆர்கன் மிஞ்சுமா, தெரியவில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் நோட்டோடு மாடியேறி, எழுதவா என்று சித்தப்பாவையே கேட்கப் போகிறேன். வேண்டாம் என்றால் என்ன செய்வது என்று இன்னும் யோசிக்கவில்லை.