படுவான்கரையில் நான் தொட்ட துவக்கு

ஜனவரி இரண்டாம் வாரம் நான்கு நாள் பயணமாக மட்டக்களப்புக்குப் போனேன். ஊரில் எங்கள் வயலைப் பன்றி நாசம் செய்கிறது. மட்டக்களப்பில் விவசாயிகள் உரிமத் துப்பாக்கியோடு காவல் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அதையும் பார்த்துவிடலாமே என்றுதான். சட்டத்தைப் படித்துவிட்டே கிளம்பினேன். பயிர்க் காவலுக்கு உரிமம் உண்டு. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். யார் பெயரில் உரிமமோ அவர் மட்டுமே கையாளலாம். என்னைப் போன்ற வெளிநாட்டுப் பயணி தொடவே கூடாது. எல்லாம் தெரிந்த ஏகாம்பரமாகத்தான் விமானம் ஏறினேன்.

தங்கியது கல்லடியில். காத்தான்குடிக்காரர் றமீஸின் ஓட்டோவை ஒரு நாளுக்கு 6,500 இலங்கை ரூபாய்க்குப் பேசினேன். காலை 7.10க்குக் கிளம்பி, நாவற்குடா, ஆரையம்பதி தாண்டி குருக்கள்மடம் துறைக்குச் சுமார் 17 கிலோமீட்டர். அங்கே வாவி என்கிற காயலைக் கடக்கும் மிதவைப் படகுக்குப் 'பாதை' என்று பெயர். ஓட்டோவையும் ஏற்றிக்கொள்ளும். அக்கரைதான் படுவான்கரை.

றமீஸுக்குப் பழக்கமான சிவலிங்கம் என்பவரின் வயலுக்குப் போனோம். உரிமம் அவர் பெயரில். ஆனால் காவல் குடிசையில் துவக்கோடு, அங்கே துப்பாக்கிக்கு அதுதான் பெயர், இருந்தது அவர் மைத்துனன் ஜீவன்.

"அத்தானுக்குக் காய்ச்சல். மூணு நாளா நான்தான் காவல்" என்றான். சொந்தத்துக்குள் முறை மாறிக் காவல் இருப்பது அவர்களுக்குச் சாதாரணம். ஆள் மாறும், துவக்கு குடிசையிலேயே இருக்கும். இது தப்பு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் என்ன கேட்டேன் தெரியுமா? கையில் பிடித்து ஒரு படம்.

"வேணாம் அண்ணன், அதுல கை வைக்காதீங்க" என்றார் றமீஸ். நான் சிரித்தேன். விருந்தாளியின் ஆசையை மறுக்க ஜீவனுக்கு மனம் வரவில்லை. தோட்டாவைக் கழற்றிவிட்டுத் தந்தான். நானும் அவனும் துவக்குமாக, 11.20க்கு ஒரு படம்.

திரும்பி வந்து பாதையிலிருந்து இறங்கியபோது மணி 2.45. துறையில் வழக்கமான சோதனை. ஒரு போலீஸ்காரர் என் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தார்.

"என்ன பாக்க வந்தீங்க?"

வாவி என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். பதற்றத்தில் வயல், பன்றி என்று உளறினேன்.

"படம் எடுத்தீங்களா? காட்டுங்க."

போனைக் கொடுத்தேன். அவர் விரல் ஒவ்வொரு படமாகத் தள்ளியது. கொக்கு. பாதை. றமீஸின் ஓட்டோ. றமீஸ் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல் நின்றது.

"யாருட துவக்கு?"

பாஸ்போர்ட் அவர் கையில். எனக்கு வியாழக்கிழமை விமானம். நான்தான் சிவலிங்கத்தின் பெயரைச் சொன்னேன்.

இரண்டரை மணி நேரம் எழுதி வாங்கி, எச்சரித்து என்னை விட்டுவிட்டார்கள். அன்று மாலையே துவக்கு ஸ்டேஷனுக்குப் போனது. காய்ச்சலோடு சிவலிங்கமும் போனார். அறுவடைக்கு மூன்று வாரம் இருந்தது.

மறுநாள் காலை மன்னிப்புக் கேட்க அவர் வீட்டுக்குப் போனேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. அவர் மனைவி வெறுந்தேநீர் கொடுத்தார்.

"உங்கள ஏசமாட்டன் தம்பி. துவக்க ஜீவன்ட குடுத்தது எங்கட பிழைதான்" என்றார் சிவலிங்கம். "ஆனா விசாரண முடியுமட்டும் பொறுக்கோணும் எண்டு பண்டிக்குத் தெரியாதே."

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். படுவான்கரைக்குக் கட்டாயம் போங்கள், காலையிலேயே பாதையைப் பிடியுங்கள், பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். பாதுகாப்பு அமைச்சின் முன் அனுமதி இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ நாட்டுக்குள் கொண்டுபோக முடியாது. வயலில் வெற்றுத் தோட்டா கிடந்தாலும் நினைவுப் பொருள் என்று பையில் போடாதீர்கள். விதிகள் மாறலாம், கிளம்புமுன் தூதரகத்தில் கேளுங்கள். துப்பாக்கி வைத்திருப்பவரைப் படம் எடுக்காதீர்கள். உங்களுக்கு அது ஒரு படம், அவ்வளவுதான்.

அறுவடை முடிந்ததும் றமீஸ் செய்தி அனுப்பினார்: "ரெண்டு ஏக்கர்ல முக்கால்வாசியப் பண்டி திண்டுட்டு. சிவலிங்கண்ணன் உங்கள சுகம் கேட்டவர்."